செப்டம்பர் 11 காலை மதுரையில் இன்டர்வியூ: தங்கச்சிமடத்திலிருந்து எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்?

தீவுக்கரை (கேள்வி)

வணக்கம். ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். மதுரையில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 11, காலை 9.30. ஒன்பது மணிக்கே வந்து ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று மெயிலில் இருக்கிறது. இடம் "எல்காட் ஐடி பார்க், மதுரை" என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.

ராத்திரியிலும் மதுரைக்கு பஸ் ஓடுகிறதே, விடியக்காலை ஏறினால் போதும், லாட்ஜுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மூன்று வழி தோன்றுகிறது. ஒன்று, 4 மணி வாக்கில் ரோட்டுக்கு வந்து ராமேஸ்வரம்–மதுரை பஸ்ஸில் ஏறுவது. இரண்டு, காலைப் பாசஞ்சர் ரயில். மூன்று, பைக்கில் ராமநாதபுரம் வரை போய் ஸ்டாண்டில் விட்டுவிட்டு அங்கிருந்து பஸ். எது சரி? பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்றும் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பார்த்திபனூர் விலக்கு

தம்பி, வழியை அப்புறம் பார்ப்போம், முதலில் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரனார் நினைவு நாள். 1957இல் அவர் கொல்லப்பட்ட நாள் அது. ஆண்டுதோறும் அன்று பல மாவட்டங்களிலிருந்து மக்களும் எல்லாக் கட்சித் தலைவர்களும் அஞ்சலி செலுத்த வருவார்கள். ஆயிரக்கணக்கில் போலீஸ் நிற்கும். மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடும், பஸ்களைத் திருப்பிவிடும், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். நீங்கள் போகவேண்டிய மதுரை ரோடு பரமக்குடியைத் தொட்டுத்தான் போகிறது. வழக்கமான நாளில் போட்ட எந்தக் கணக்கும் அன்று நிற்காது.

எந்த ரோடு எத்தனை மணி முதல் மூடுவார்கள், பஸ் எந்த வழியாகச் சுற்றும் என்பதை மாவட்டக் காவல்துறை சில நாள் முன்புதான் அறிவிக்கும். 8, 9 தேதிகளில் நாளிதழின் ராமநாதபுரம் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். முதல் நாள் மாலையிலிருந்தே செக்போஸ்ட்களில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். அதனால் 10ஆம் தேதி மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவது உத்தமம். இன்டர்வியூ கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். எங்காவது நிறுத்திக் கேட்டால் காட்டலாம்.

இந்தத் தேதிக்காக ஹெச்ஆரிடம் வேறு நாள் கேட்கத் தேவையில்லை. முதல் நாளே போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது. அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன் தேவர் குருபூஜைக்கும் இதே நிலைமைதான். அப்போது கமுதி, அபிராமம், பார்த்திபனூர் பக்கமெல்லாம் சேர்ந்து இறுகும். நம் மாவட்டத்தில் வேலை தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் கம்பெனிக்கு இது தெரியாது, அவர்கள் பாட்டுக்குத் தேதி போடுவார்கள்.

வழக்கமான நாளாக இருந்தால் என்ன கணக்கு என்பதையும் சொல்கிறேன், வீட்டில் காட்டலாம். கேட்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 9.00க்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐடி பார்க் வாசலில் செக்யூரிட்டி, விசிட்டர் பாஸ், பை சோதனை, ஆள் வந்து கூட்டிப்போவது எல்லாம் சேர்த்து 20 நிமிடம். ஆகவே 8.40க்கு வாசல். பஸ் விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வாசலுக்கு வர 20 நிமிடம், அப்போது 8.20க்கு மதுரையில் இறங்கியிருக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 115 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், நின்று நின்று வந்தால் மூன்று. அதாவது ராமநாதபுரத்தில் 5.20க்குப் புறப்படும் பஸ்தான் கடைசி பஸ். கடைசி பஸ்ஸை யாரும் திட்டமாக வைக்கக்கூடாது, அதற்கு முந்தையதுதான் உங்கள் பஸ். அது 4.45 என்று வையுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆக, ராத்திரி 3.30க்கு ரோட்டில் நிற்க வேண்டும். 2.30க்கு எழுந்து குளித்துவிட்டு ஆறு மணி நேரம் தூங்காமல் உட்கார்ந்து வந்தவன் 9.30க்குக் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வான்? லாட்ஜ் செலவை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுவில் எங்கே நேரம் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழிச் சாலை, அங்கே பஸ் பறக்கும். பரமக்குடி–ராமநாதபுரம் துண்டு இன்னும் நாலு வழி ஆகவில்லை. 2025 ஜூலையில் 46.7 கிலோமீட்டருக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. வேலை நடக்கும் இடங்களில் மெதுவாகத்தான் போகும். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வரும் பஸ்ஸுக்கும், பைபாஸிலேயே போய்விடும் பஸ்ஸுக்கும் அரை மணி முக்கால் மணி வித்தியாசம் வரும். ஏறும்போதே கண்டக்டரிடம் "ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போர்டை மட்டும் நம்பக்கூடாது.

---

சுற்றுச்சாலை

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா இதைவிடப் பெரிய கோளாறு அந்த முகவரியிலதான் இருக்கு தம்பி. மதுரையில எல்காட் ஐடி பார்க் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு இலந்தைகுளம், பாண்டி கோவில் பக்கத்துல ரிங் ரோட்டை ஒட்டி. இன்னொண்ணு வடபழஞ்சி, தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம் எல்லாம் தாண்டி. ஒண்ணு ஊருக்குக் கிழக்கு, ஒண்ணு மேற்கு. காலை நேரத்துல இங்கேருந்து அங்கே போக ஒரு மணி நேரம் ஆயிரும். தப்பான வாசல்ல 8.45க்கு நின்னா இன்டர்வியூ போனது போனதுதான்.

கூகுள் மேப்புல "எல்காட் மதுரை"ன்னு அடிச்சா ரெண்டும் காட்டும், மேலே வர்றதை அமுக்கிட்டுப் போறவங்கதான் மாட்டுவாங்க. இன்னைக்கே ஹெச்ஆருக்கு ஒரு வரி மெயில் போடுங்க: "இடம் இலந்தைகுளமா வடபழஞ்சியா, எந்தக் கட்டடம், எந்த மாடி, வாசலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் கைபேசி எண் என்ன?" இதைக் கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிட்டா இன்னும் நல்லது.

இலந்தைகுளம்னா உங்களுக்கு ரொம்ப வசதி. ராமநாதபுரம் பஸ் விரகனூர் வந்து ரிங் ரோட்டுல திரும்பி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். அப்படிப் போற பஸ்ஸா இருந்தா மாட்டுத்தாவணிக்கு முன்னாடியே பாண்டி கோவில்கிட்ட இறங்கிரலாம். மாட்டுத்தாவணி வரை போயிட்டுத் திரும்பி வந்தா சும்மா அரை மணி வீண். எல்லா டிரைவரும் அங்கே நிறுத்த மாட்டாங்க, அதனால டிக்கெட் எடுக்கும்போதே கண்டக்டர்கிட்ட சொல்லி வைங்க. தங்குறதும் மாட்டுத்தாவணி பக்கமே பார்த்துக்கலாம்.

வடபழஞ்சின்னா கதை வேற. அப்போ மாட்டுத்தாவணி பக்கம் தங்காதீங்க. ரயில்வே ஜங்ஷன், பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்குங்க, இல்லன்னா காளவாசல், அரசரடி பக்கம். தேனி, உசிலம்பட்டி பஸ் எல்லாம் ஆரப்பாளையத்துல கிளம்பும், டவுன் பஸ்ஸும் அந்தப் பக்கம் போகும். காலை 8 மணிக்கு மேல காளவாசல் சிக்னல் கட்டிக்கும், அதனால 7.30க்குள்ள அதைத் தாண்டிருங்க. மெயின் ரோட்டுல இறங்கினா பார்க் வாசல் வந்துருச்சுன்னு நினைக்காதீங்க, அங்கேருந்து உள்ளே இருக்கு. அந்தக் காலை நேரத்துல அங்கே ஆட்டோ கிடைக்கிறது நிச்சயம் கிடையாது. ஊருக்குள்ளேயே ஆட்டோவோ கால் டாக்ஸியோ பிடிச்சு நேரா வாசல்ல இறங்கிருங்க. இந்த ஒரு செலவுல கணக்குப் பார்க்க வேண்டாம்.

முதல் நாள் மதியம் கிளம்பினா சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மதுரைக்கு வந்துரலாம். வந்ததும் லாட்ஜ்ல பையைப் போட்டுட்டு ஒரு தடவை அந்த வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துருங்க. எந்தப் பக்கம் நுழையுறது, செக்யூரிட்டி எங்கே உக்காந்திருக்காரு, பக்கத்துல டீக்கடை இருக்கா, எல்லாம் தெரிஞ்சுரும். மறுநாள் நெஞ்சு படபடப்பு பாதியாக் குறையும்.

---

தீவுக்கரை

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. தேதி விஷயம் சுத்தமாக நினைவில் இல்லை. வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள், 10ஆம் தேதியே கிளம்புகிறேன். ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன், இலந்தைகுளம் என்று பதில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். 10ஆம் தேதி பஸ்ஸா ரயிலா? 11ஆம் தேதி முடிந்து எப்படித் திரும்புவது?

---

மேலே தூக்கும் பாலம்

தம்பி, ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன்.

பாம்பன் பயம் பெரும்பாலும் பழைய பாலத்தோடு வந்த பயம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே வரவில்லை. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும், கப்பல் கடக்கும், திரும்ப இறங்கும். கப்பல் போவது முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வது, தினமும் நடப்பதல்ல. உண்மையான இடைஞ்சல் காற்றுதான். பாலத்தில் காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் ரயிலை மண்டபத்திலோ பாம்பனிலோ நிறுத்தி வைப்பார்கள், தணிந்த பிறகுதான் விடுவார்கள். எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனி, ஆடியில் அடிக்கும் தென்மேற்குக் காற்றிலும், ஐப்பசி கார்த்திகைப் புயல் நாட்களிலும் இதை மனத்தில் வைக்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் தீவை விட்டு ஒரு நாள் முன்பே வெளியேறிவிடுங்கள்.

அன்று காலைப் பாசஞ்சரில் போவது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ராமேஸ்வரம்–மதுரை பாசஞ்சருக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம் வைக்க வேண்டும், ஒற்றை வழிப்பாதை, எதிர் வண்டிக்கு வழிவிட நிற்கும். அதுவும் மதுரை ஜங்ஷனில்தான் விடும், இலந்தைகுளம் அங்கிருந்து ஊரின் மறு கோடி.

10ஆம் தேதிக்கு இரண்டுமே சரிதான், ஆனால் இலந்தைகுளம் என்பதால் பஸ் நல்லது. ரயிலை 11ஆம் தேதி திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பரமக்குடியில் ரோட்டைத் திருப்பிவிட்டாலும் தண்டவாளத்தைத் திருப்ப முடியாது. மதுரை ஜங்ஷன் போய் ராமேஸ்வரம் போகும் வண்டியில் ஏறினால் வீடு வந்து சேரலாம். அன்று பரமக்குடி, மானாமதுரை நிலையங்களில் கூட்டம் இருக்கும், அதனால் கிளம்பும் இடமான மதுரையிலேயே முன்கூட்டிப் போய் இடம் பிடியுங்கள். நேரங்களை ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் அன்றைக்குப் பார்ப்பதுதான் பத்திரம், ரயில்வே விசாரணை எண் 139க்கு அழைத்தும் கேட்கலாம். பழைய அட்டவணைப் படத்தை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். பாலம் திறந்த பிறகு பல வண்டிகளின் நேரம் மாறிவிட்டது.

---

பார்த்திபனூர் விலக்கு

பைக் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. விடியக்காலை இருட்டில் பாம்பன் ரோடு பாலத்தில் பைக் ஓட்டுவது நல்லதல்ல. இரண்டே கால் கிலோமீட்டருக்குப் பக்கக்காற்று நேராக அடிக்கும், வண்டியை இழுக்கும். மண்டபம் தாண்டி உச்சிப்புளி வரை ரோட்டில் மாடு படுத்திருக்கும். இதெல்லாம் தப்பித்தாலும், உப்புக்காற்றில் சட்டை பிசுபிசுத்து, முடி கயிறு மாதிரி ஆகித்தான் ராமநாதபுரம் போய்ச் சேருவீர்கள்.

பகலில் வேறு தொல்லை. சுற்றுலா வருபவர்கள் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சனி, ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் பாலத்தைக் கடக்கவே அரை மணி ஆகலாம். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆடி, மகாளய, தை அமாவாசைகளுக்கு முந்திய நாளும் அன்றும் தீவுக்குள் வருகிற வண்டியும் போகிற வண்டியும் திணறும். அமாவாசை மாலை ராமேஸ்வரத்தில் மதுரை பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு. தங்கச்சிமடத்தில் நின்று கை காட்டினால் நிற்கவே மாட்டான். அந்த மாதிரி நாளில் எதிர்த்திசையில் ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்கே போய் உட்கார்ந்து வருவதுதான் வழி.

---

கீழக்கரைப் பிள்ளை

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு சென்னையில், சிறுசேரி சிப்காட்டில், காலை 10 மணிக்கு. ஒரு வாரம்தான் இருக்கிறது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. பஸ்ஸில் போனால் கோயம்பேட்டில் இறங்கிப் போகவேண்டுமா?

---

மேலே தூக்கும் பாலம்

கோயம்பேடு இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. சிறுசேரி போகிறவருக்கு இது உண்மையில் லாபம். கிளாம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போய், வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வடக்கே சில கிலோமீட்டர் வந்தால் சிறுசேரி சிப்காட். ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் பக்கமிருந்து வந்தால் மெட்ரோ தூண் வேலையில் மாட்டிக்கொள்வீர்கள், இந்த வழியில் அதில் பெரும்பகுதி தப்பிவிடும். கிளாம்பாக்கமும் கேளம்பாக்கமும் வேறு வேறு ஊர். கால் டாக்ஸி செயலியில் ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள். சிப்காட்டின் முகப்பிலிருந்து உள்ளே கம்பெனிக்கு இன்னும் தூரம் இருக்கிறது, நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இப்போது ரயில். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும், 2024 நவம்பர் வரை 120ஆக இருந்ததைக் குறைத்தார்கள். இன்டர்வியூ அழைப்பு ஒரு வாரம் முன்புதான் வரும், ஆகவே நமக்கு எப்போதும் தட்கல்தான். வண்டி தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்திய நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் எடுக்க முடியாது, அது நமக்கான நேரம். ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்க வேண்டும். இதைத் தட்கல் அன்று 10.55க்குச் செய்ய முடியாது, இன்றைக்கே செய்யுங்கள். ஆதாரில் உள்ள கைபேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

சாதாரண வெயிட்டிங் லிஸ்ட் ஆர்ஏசிக்கு வந்தால் ஏறலாம், பாதி படுக்கையில் உட்கார்ந்தாவது போகலாம். கடைசி வரை வெயிட்டிங்கிலேயே நின்றால் ஆன்லைன் டிக்கெட் தானே ரத்தாகிவிடும், அந்தப் பிஎன்ஆரை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறினால் அபராதம்தான். யாருக்கு இடம் என்று காட்டும் முதல் சார்ட் இப்போது ராத்திரி வண்டிகளுக்குப் பத்து மணி நேரம் முன்பே தயாராகிவிடுகிறது. ராத்திரி வண்டிக்கு மதியமே தெரிந்துவிடும். உங்களுக்கு இது பெரிய உதவி, மதியம் வரை பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு மாற நேரம் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் ராமேஸ்வரத்திலிருந்து டிக்கெட் எடுத்து, பதியும்போதே ஏறும் நிலையமாக ராமநாதபுரத்தைக் குறிப்பிட்டுப் பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். அதுவும் இல்லை என்றால் மாலையிலேயே மதுரை போய் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போல அங்கிருந்து கிளம்பும் இரவு வண்டிகளைப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

ரயிலில் போனால் எழும்பூர் வரை போகாதீர்கள், தாம்பரத்தில் இறங்குங்கள். தாம்பரம் கிழக்கிலிருந்து கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர், பிறகு நாவலூர், சிறுசேரி. காலையில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரகடம் போகிற யாராவது இதைப் படித்தால், உங்கள் வண்டி செங்கல்பட்டில் நிற்கிறதா பாருங்கள். அங்கே இறங்கிப் புறநகர் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் போனால் ஒரகடம் ரோடு அங்கேயே பிரிகிறது. கிண்டி என்றால் தாம்பரத்தில் மாறிப் புறநகர் ரயில், அரை மணியில் விடும்.

10 மணி இன்டர்வியூவுக்கு அன்று காலை வந்து சேரும் ரயிலை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் ஒரு மணி நேரம் தாமதமானாலும் தாங்குமா என்று போட்டுப் பாருங்கள். 7 மணி வண்டி 8க்கு வந்தால் தாம்பரத்தில் முகம் கழுவி உடை மாற்ற 30 நிமிடம், சிறுசேரிக்கு ஒன்றரை மணி, அதுவே சரியாகப் பத்து. விசிட்டர் பாஸுக்கு நேரமே இல்லை. சிறுசேரிக்கு இது தாங்காது. இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முந்திய ராத்திரியே கிளம்பி ஒரு பகல் முன்னதாகச் சேருங்கள். சென்னையில் தங்க இடமில்லை என்றால் பஸ்ஸில் கிளாம்பாக்கம் வந்து, முனையத்திலேயே இருக்கும் தங்கும் கூடத்தில் படுத்துக் குளித்துக் கிளம்பலாம். அதற்கும் நள்ளிரவுக்குள் வந்து சேரும்படி பகல் பஸ்ஸில் புறப்பட வேண்டும்.

---

சுற்றுச்சாலை

துணிமணி விஷயத்தை யாரும் சொல்லல. இன்டர்வியூ சட்டையைப் போட்டுக்கிட்டு பஸ்ஸில ஏறாதீங்க. கடலோரக் காத்துல இருக்கிற ஈரத்துக்கு, ஜன்னல் சீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்தாலே கசங்கிப் போயிரும். அயர்ன் பண்ணின சட்டையை ஒரு அட்டையோட மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு பையோட மேல்பக்கமா வைங்க. ஷூவைத் தனிக் கவர்ல.

சர்டிபிகேட் ஒரிஜினல் பையோட அடியில வேண்டாம், லக்கேஜ் ரேக்குலயும் வேண்டாம், மடியில இருக்கட்டும். ஜெராக்ஸ் ரெண்டு செட், போட்டோ நாலு ஊர்லயே எடுத்துட்டு வந்துருங்க. காலை 8 மணிக்கு ஜெராக்ஸ் கடை எங்கே திறந்திருக்கும்னு தேடி அலையுறதுலயே பாதிப் பேருக்கு நேரம் போகுது. முதல் நாள் ராத்திரி வெளிச்சாப்பாடு காரசாரமா வேண்டாம், இட்லியோட நிறுத்திக்கங்க.

---

வேம்பார் காற்று

தெற்கே இருப்பவர்களுக்கும் வடக்கே இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ராமநாதபுரம் போய்த்தான் மதுரைக்குப் போக வேண்டும் என்பதில்லை. சாயல்குடிக்காரர்கள் கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடி வழியாகவோ, கமுதி, அருப்புக்கோட்டை வழியாகவோ போகலாம். செப்டம்பர் 11 என்றால் அருப்புக்கோட்டை வழியில் போங்கள். அக்டோபர் கடைசியில் இந்த இரண்டு வழியுமே சந்தேகம், முதல் நாளே போய்விடுங்கள். தொண்டிக்காரர்களுக்கு திருவாடானை, சிவகங்கை வழியாக நேரே மதுரை ரோடு இருக்கிறது. அந்தத் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் கிளம்பி தொண்டியில்தான் முடிகிறது. பரமக்குடியைத் தொடவே தொடாது.

தூத்துக்குடியில் இன்டர்வியூ என்றால் கடலோரத்தில் ரயில் கிடையாது, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பஸ்தான். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை ரோடு மாதிரி அடுத்தடுத்து பஸ் வராது, ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளம். பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரிடம் முதல் நாளே நேரம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. ஏர்வாடி சந்தனக்கூடு நடக்கும் நாட்களில் அந்தத் துண்டில் கூட்டம் நெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

தீவுக்கரை

எல்லாம் குறித்துக்கொண்டேன். இத்தனைக்கும் பிறகு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஹெச்ஆருக்கு எப்போது போன் செய்வது? முதலிலேயே சொன்னால் தப்பாக நினைப்பார்களா?

---

பார்த்திபனூர் விலக்கு

தாமதம் உறுதியான அந்த நிமிடமே. 9.00 ரிப்போர்ட்டிங் என்றால், அன்று காலையே ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் 8.15க்கு இன்னும் விரகனூர் தாண்டவில்லை என்றால், அப்போதே கூப்பிடுங்கள். 8.15க்குச் சொன்னால் அவர்களால் வரிசையை மாற்றி உங்களைப் பிறகு கூப்பிட முடியும். 9.10க்குச் சொன்னால் அது வெறும் சாக்கு. எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மெயிலும் போடுங்கள்.

மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: பெயரும் எந்த வேலை என்பதும், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது, எத்தனை மணிக்கு வாசலில் இருப்பீர்கள் என்பது. "சார் வணக்கம், டெஸ்டிங் வேலைக்கு 9.30 இன்டர்வியூவுக்கு வர வேண்டியவன். விரகனூர் பக்கம் ரோடு அடைத்திருக்கிறது, 9.25க்கு வாசலில் இருப்பேன்." இவ்வளவு போதும். சொல்லும் நேரத்தைக் கூட்டியே சொல்லுங்கள். 9.15க்கு வரலாம் என்று தோன்றினாலும் 9.25 என்று சொல்லி 9.20க்கு வாருங்கள். இரண்டாவது முறை நேரம் மாற்றிச் சொல்ல நேர்ந்தால் அதைத்தான் தப்பாக நினைப்பார்கள்.

அந்த எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் கடிதப் பிரிண்டின் பின்னால் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இறங்கிவிட்டால் கண்டக்டரின் போனை வாங்கியாவது பேசலாம்.